அறுபத்தொன்றாம் எண் வீட்டின் பின்வாசல்

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான். எழுத்து சுமாராக வரும். எண் நன்றாக வரும். அந்த எண்ணை வைத்துத்தான் முப்பத்தாறு வருஷம் சம்பளம் வாங்கினேன்.

ராஜபாளையத்தில் நகராட்சி வேலை. விளக்குக் கம்பம், தண்ணீர்த் தொட்டி, வீட்டு வாசல் என்று எதற்கு எண் எழுத வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை ஜனத்தொகைக் கணக்கு வரும். அப்போது ஊர் முழுக்க எண் போட வேண்டும். அப்படி மூன்று கணக்குப் பார்த்துவிட்டேன். தெருவில் என் பெயர் யாருக்கும் தெரியாது. நம்பர்க்காரர் என்பார்கள்.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பெண் பிள்ளை வந்தது. ஜனத்தொகைக் கணக்கு வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றியவுடனே பேச ஆரம்பித்துவிட்டது.

"அண்ணாச்சி, இனிமே எல்லாம் செல்போன்லதான். பேப்பரே கெடையாது. ஆளுகளே வீட்டுல இருந்து பதிஞ்சுக்கலாமாம். எனக்கு ஒண்ணுதான் வெளங்கலை. ஒரு கட்டடத்துக்குள்ள எத்தனை குடும்பம்னு செல்லு எப்படிக் கண்டுபிடிக்கும்?"

"கண்டுபிடிக்காது. நேர்ல பாத்த நானே தப்பாப் போட்டிருக்கேன்" என்றேன்.

"என்ன தப்பு?"

எனக்குப் பேச்சில் சொல்ல வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எழுத நாலு நாளாயிற்று.

வேலை பழகின விதத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு நாள் வகுப்பு வைத்தார்கள். பாதி புரிந்தது. மீதியைத் தெருவில் கற்றுக்கொண்டேன். தெருவின் வடமேற்கு மூலையில் தொடங்க வேண்டும். வளைந்து வளைந்து போய்த் தென்கிழக்கில் முடிக்க வேண்டும். படம் ஒன்று போட வேண்டும். கல் கட்டடத்துக்குச் சதுரம், குடிசைக்கு முக்கோணம். ஒரு கட்டடத்துக்கு ஒரு எண். அதற்குள் தனித்தனி வாசல் வைத்துத் தனித்தனியாக இருந்தால், எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு ஒன்று, இரண்டு என்று எழுத வேண்டும். நான் பெயிண்ட் டப்பாவோடு முன்னால் போவேன். கணக்கெடுக்கும் டீச்சர் தாளோடு பின்னால் வருவார்.

எங்களுக்கு மேலே ஜெகநாதன் சார் இருந்தார். மெலிந்த ஆள். கறுப்புக் குடை ஒன்று எப்போதும் கையில் இருக்கும். யார் வீட்டிலும் உட்கார மாட்டார். தண்ணீர் கொடுத்தால் நின்றபடியே குடிப்பார். என்னை மாதிரி ஆளையும் 'நீங்க' என்றுதான் சொல்வார். தப்பு செய்தால் திட்ட மாட்டார். "மறுபடி ஒரு தடவை நடந்து பாப்போமா?" என்பார். அவ்வளவுதான். வடமேற்கு மூலையிலிருந்து முழுத் தெருவும் கூடவே நடந்து வருவார். தப்பு தானாகக் கண்ணில் படும். திட்டு வாங்கினால் மறந்துவிடலாம். அந்த நடையை மறக்க முடியாது.

முதல் கணக்கில் அப்படி ஒரு தடவை நடந்தேன். ஒரு மாவு மில்லுக்குப் பின்னால் குடும்பம் ஒன்று இருந்தது. நான் பார்க்கவில்லை. நடக்கும்போது புகை வந்தது. சார் குடையை மடக்கிப் புகையைக் காட்டினார். "வாசலை மட்டும் பாக்காதீங்க. அடுப்பைப் பாருங்க" என்றார்.

அதுதான் எங்கள் வேலையின் சட்டம். ஓர் அடுப்பில் பொங்கித் தின்றால் ஒரு குடும்பம். சொந்தமே இல்லாவிட்டாலும் ஒரு குடும்பம். ஒரு தாய் பிள்ளைகளானாலும் அடுப்பு இரண்டென்றால் குடும்பம் இரண்டு.

ஊர் பெருகிவிட்டது என்று ஒவ்வொரு கணக்குக்குப் பிறகும் பேப்பரில் போடுவார்கள். எனக்கு அது பெயிண்ட் டப்பாவில்தான் தெரியும். முதல் கணக்கில் எங்கள் பகுதிக்கு ஒரு டப்பா போதும். இரண்டாவது கணக்கில் இரண்டு தீர்ந்து மூன்றாவதை உடைத்தேன். தளவாய்புரம் பக்கமிருந்தும் சுந்தரபாண்டியம் பக்கமிருந்தும் மில் வேலைக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஒரே வீடு இரண்டாகும். அண்ணன் தம்பி நடுவில் சுவர் எழுப்புவார்கள். தாழ்வாரத்தை அடைத்து வாடகைக்கு விடுவார்கள். ஆள் கூடுவதைவிட வாசல் வேகமாகக் கூடியது. நான் அடைப்புக்குறி போட்டுக்கொண்டே போனேன். கை பழகிவிட்டது. அதுதான் தப்புக்குக் காரணம்.

இரண்டாவது கணக்கு. சித்திரை வெயில். எண் போடும் சுற்று. அறுபத்தொன்றாம் எண் கட்டடம். சின்ன ஓட்டு வீடு. முன்வாசல் தெருவைப் பார்த்து இருந்தது. அதில் ஆள் இல்லை. குழாயடிக்குப் போயிருக்க வேண்டும். பின்பக்கம் முடுக்கு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும், அவ்வளவு அகலம்தான். அந்த முடுக்கிலும் இந்த வீட்டுக்கு ஒரு வாசல் இருந்தது. வெளியே பூட்டு. கம்பியில் மில் சட்டை காய்ந்தது. சன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு செம்பு. ஒற்றை ஆள் வாடகைக்கு இருக்கிறான் என்று நினைத்தேன். பக்கத்தில் கேட்டிருக்கலாம். முன்வாசலில் செத்த நேரம் நின்றிருந்தால் அந்த வீட்டு அம்மாள் வந்திருக்கும். இன்னும் நாற்பது வீடு பாக்கி. வெயில் தலையில் நின்றது.

முன்வாசலில் 61, அடைப்புக்குறிக்குள் ஒன்று. பின்வாசலில் 61, அடைப்புக்குறிக்குள் இரண்டு. எழுத்து நன்றாக விழுந்தது. போய்விட்டேன்.

மறுநாள் வீட்டுப் பட்டியல் எழுத வந்தவர் கற்பகம் டீச்சர். முன்வாசலில் அந்த அம்மாள், "பின்னால இருக்கது தனி. நம்பரே போட்டாச்சே, தனியாவே எழுதிக்கோங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறது. டீச்சர் இரண்டு குடும்பம் என்று எழுதிக்கொண்டார்.

பட்டியல் கோடையில். தலை எண்ணும் சுற்று மாசியில். நடுவில் பத்து மாதம். அந்த வீடு என் நினைவில் இல்லை.

பிப்ரவரியில் டீச்சருக்கு எண்ணைக் காட்டிக் கொடுக்க நானும் கூடப் போனேன். அறுபத்தொன்றில் கதவு திறந்திருந்தது. வேலம்மாள் என்று பெயர். ஐம்பது வயது இருக்கும். அரிசி புடைத்துக்கொண்டிருந்தது.

"வீட்டுல எத்தனை பேரும்மா?" என்றார் டீச்சர்.

"ஒத்தை ஆளு. மகன் பட்டாளத்துல இருக்கான். அவனை இங்க எழுதக் கூடாதோ?"

"அவுங்களை அங்கயே எழுதிருவாங்கம்மா. வீட்டுக்காரர்?"

"அவரு அறுபத்தொண்ணு ரெண்டு. அங்க போய்க் கேளுங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் எண்ணைப் பார்த்தேன்.

"எப்போ இருந்து தனியாப் பொங்குறாரு?"

"நம்பர் வாங்குன அன்னையில இருந்து." சுளகைக் கீழே வைத்துவிட்டது. "கேளுங்க டீச்சர். சுந்தரபாண்டியத்துல எங்கண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. பத்திரிகையில இவரு பேரு விட்டுப்போச்சு. பிரஸ்காரன் விட்டது. இவரு வரலைன்னுட்டாரு. நான் போனேன். திரும்பி வந்தா பாயைச் சுருட்டிட்டுப் பின்னால போயிட்டாரு. போகட்டும்னு விட்டேன். கோவம்னாலும் சோத்துக்கு உள்வாசல் வழியா வருவாரு. பேச மாட்டாரு. வட்டிலை வச்சா திம்பாரு, போவாரு. பத்து நாள்ல சரியாயிருக்கும். ஒருநா குழாயடியில இருந்து வாரேன், பின்வாசல்ல நம்பர் போட்டிருக்கு. கவர்மெண்டுக்கு எழுதிக் குடுத்து நம்பர் வாங்கியிருக்காரு மனுசன். அப்பொறம் என்ன? உள்கதவைத் தாப்பாப் போட்டுட்டேன்."

அன்றைக்கு என் கையில் டப்பாவும் இல்லை, பிரஷும் இல்லை. இருந்தும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

டீச்சர் மெதுவாகக் கேட்டார். "கல்யாண நிலைன்னு ஒரு கேள்வி இருக்கும்மா. கல்யாணம் ஆகாதவங்க, ஆனவங்க, வீட்டுக்காரரை இழந்தவங்க, பிரிஞ்சவங்க. எதுன்னு எழுத?"

அந்த அம்மாள் சுளகை எடுத்தது. இரண்டு தடவை புடைத்தது.

"கல்யாணம் ஆனவதான். வேற என்ன?"

முடுக்குக்குப் போனோம். அவள் வீட்டுக்காரர் பெயர் சங்கரலிங்கம், மில்லில் ஃபிட்டர். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து பம்ப் ஸ்டவ்வில் ரசம் வைத்துக்கொண்டிருந்தார்.

"குடும்பத் தலைவர் யாரு சார்?"

"நாந்தான். தலையும் நாந்தான், வாலும் நாந்தான்." கரண்டியை எண் இருந்த பக்கம் நீட்டினார். "இருபத்தெட்டு வருசம் வாழ்ந்த பொம்பளை. ஆபீஸ்ல போய் இந்த ஆளு எனக்கு வேண்டாம்னு நம்பர் போட வச்சிட்டா. மூஞ்சிக்கு நேராச் சொல்லியிருக்கலாம்ல?"

அதே கேள்வியை டீச்சர் இவரிடமும் கேட்டார். நாலு நிலையையும் வரிசையாகச் சொல்லிக் காட்டினார்.

"ஆனவன்தான். இதுல என்ன கேள்வி?" என்றார்.

வெளியே வந்ததும் டீச்சர் சொன்னார். "ரெண்டு பேரும் ஒண்ணுபோலத்தான் சொல்லியிருக்காங்க அண்ணாச்சி." பிறகு இரண்டு தனித்தனித் தாளையும் பையில் வைத்தார்.

கணக்கு என்றால் இருப்பதை எழுதுவது. நான் இல்லாததை எழுதினேன். எழுதின பிறகு அது உண்டாகிவிட்டது.

சாயந்திரம் சாரிடம் போய்ச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"கதவைத் தட்டினீங்களா?"

"இல்லை சார்."

"காலையில மறுபடி ஒரு தடவை நடந்து பாப்போமா?"

காலையில் நேரே அந்த வீட்டுக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. வடமேற்கு மூலையில் ஒன்றாம் எண்ணில் தொடங்கினார். அறுபது வீடு. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தோம். என் பையில் மண்ணெண்ணெயில் நனைத்த துணி இருந்தது. எண்ணை அழிக்க எடுத்து வந்திருந்தேன்.

அறுபத்தொன்றில் சார் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டார். நான் தட்டினேன்.

"அக்கா, அந்த நம்பரை யாரும் கேட்டு வாங்கலை. நானாத்தான் போட்டேன்."

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லலை. பூட்டைப் பாத்தேன். வாடகைக்கு விட்டிருக்கீகன்னு நெனச்சேன்."

"வாடகையா?" எழுந்து வந்துவிட்டது. "தாலி கட்டுன மனுசனை வாடகைக்காரரா ஆக்கிட்டீரா? ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? கதவுதானே, தட்டுனா ஒடைஞ்சா போகும்?"

"தப்புதான் அக்கா."

என் முகத்தைப் பார்த்தது. பிறகு தலையை ஆட்டியது. "இல்லை. அவருதான் உம்மைச் சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்காரு."

முடுக்குக்குப் போனேன். சங்கரலிங்கத்திடம் அதையே சொன்னேன். அவர் ஸ்டவ்வைக் குறைத்தார்.

"அவ வந்து கேக்கலையா?"

"இல்லை அண்ணாச்சி."

"எழுதிக் குடுக்கலையா?"

"இல்லை."

"பத்து மாசம்யா. பத்து மாசமா நான் வச்ச ரசத்தை நானே குடிச்சிருக்கேன். அது எம்புட்டுக் கொடுமைன்னு உமக்குத் தெரியுமா?" சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றது. "அவகிட்டச் சொன்னீரா?"

"சொன்னேன். நம்பலை."

"நம்ப மாட்டா. அவ எடத்துல நான் இருந்தாலும் நம்ப மாட்டேன்."

நான் துணியை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனேன். சார் முடுக்குக்கே வந்துவிட்டார்.

"எதை அழிக்கப் போறீங்க?"

"நம்பரை சார்."

"உள்ள ரெண்டு அடுப்பு எரியுதா?"

"எரியுது."

"பெயிண்டை அழிச்சா அது அணையுமா?"

"நம்மாலதானே சார் எரியுது."

"நம்மாலதான். இருந்தாலும் இருக்கறதைத்தான் எழுதணும்." துணியை வாங்கி மடித்து என் பையிலேயே வைத்தார். முடுக்கைத் தாண்டின பிறகு, "மார்ச் ஒண்ணாந் தேதிக்கு இன்னும் நாள் இருக்கு" என்றார். குடையை விரித்தார்.

அது எங்கள் கணக்கில் முக்கியமான தேதி. பிப்ரவரி முடிந்து மார்ச் ஒன்று பிறக்கிற நிமிஷத்தில் யார் யார் எங்கே இருக்கிறார்களோ, அதுதான் கணக்கு. அதற்கு முன்னால் பிறந்தால் சேர்க்கலாம், இறந்தால் நீக்க வேண்டும். மார்ச் முதல் ஐந்து நாள் மறுபடி வீடு வீடாகப் போய், கூடுதல் குறைச்சல் உண்டா என்று கேட்டுத் திருத்துவோம்.

அந்த நாட்களில் எனக்கு வேறு தெருவில் வேலை. இருந்தும் சைக்கிளை அந்த முடுக்கு வழியாக விட்டேன். ஸ்டவ் சத்தம் கேட்டது. மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

மார்ச் இரண்டாம் தேதி. டீச்சர், சார், நான். சார் திருத்தச் சுற்றுக்கு எல்லாத் தெருவுக்கும் வர மாட்டார். அன்றைக்கு வந்தார். காரணம் சொல்லவில்லை.

முன்வாசலில் வேலம்மாள் நின்றது. டீச்சர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"நாங்க வந்து போன பொறவு வீட்டுல கூடுதல் குறைச்சல் ஏதும் உண்டாம்மா?"

"கூடுதல் ஒண்ணு."

டீச்சரின் பேனா நின்றது. "பிறப்பா, வரவா?"

"இந்த வயசுல பிறப்புக்கு எங்க போக? வரவுதான்."

"எங்க இருந்து?"

அந்த அம்மாள் முகவாயைப் பின்பக்கம் திருப்பிக் காட்டியது.

சார் ஓர் அடி முன்னால் வந்தார். "எந்தத் தேதி வந்தாரும்மா? தேதி முக்கியம்."

"இருவத்தேழு. வெள்ளென." இப்போது முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசியது. "உள்கதவைத் தட்டலை சார். முடுக்கு வழியாப் போய்த் தெருவைச் சுத்திக்கிட்டு இந்த வாசலுக்கு வந்து, ஊராள் மாதிரி தட்டுதாரு. தெறந்தா கையில வட்டிலு. 'நானும் எழுதிக் குடுக்கலை, நீயும் எழுதிக் குடுக்கலை. உள்ள வரலாமா?'ன்னு கேக்காரு. தெருவே பாக்குது. மானம் போச்சு. சீக்கிரம் உள்ள வாங்கன்னேன்."

உள்ளேயிருந்து சங்கரலிங்கத்தின் குரல் மட்டும் வந்தது. "ஏட்டி, அதையும் எழுதச் சொல்லிராத."

டீச்சர் சாரைப் பார்த்தார். சார் என்னைப் பார்த்தார்.

"பின்னால போய் அடுப்பைப் பாத்துட்டு வாங்க."

முடுக்குக்குப் போனேன். கதவில் என் எண் இருந்தது. கதவு திறந்துதான் கிடந்தது. இருந்தும் தட்டினேன். பதில் இல்லை. எட்டிப் பார்த்தேன். ஸ்டவ் மூலையில் சாக்கு போட்டு மூடியிருந்தது. பாய் இல்லை. உள்கதவு விரியத் திறந்திருந்தது. பின்வாசலில் நின்றால் அடுப்படி தெரிந்தது, அதற்கப்பால் முன்வாசல் தெரிந்தது, வாசலில் சாய்த்து வைத்த கறுப்புக் குடை தெரிந்தது. சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு வீட்டில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அங்கேயிருந்தே சொன்னேன். "சார், ஒண்ணுதான்."

டீச்சர் ஒரு தாளை அடித்துவிட்டு இன்னொரு தாளில் ஒரு வரி எழுதினார். கதவு எண்ணை அப்படியே விடச் சொல்லிவிட்டார் சார். கதவில் இருப்பது பட்டியலில் இருக்கிறது, பட்டியல் மேலாபீஸுக்குப் போய்விட்டது. வெயிலிலும் மழையிலும் அது தானாக அழியட்டும் என்றார்.

மூன்றாவது கணக்குக்குள் சார் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் நீண்டுகொண்டே போனது. தோப்பாக இருந்த இடமெல்லாம் பிளாட். கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ் தெருமுனை வரை வந்து நின்றது. மில் குவார்ட்டர்ஸில் இந்தி பேசுகிற பிள்ளைகள். பழைய ஒரு பகுதியை மூன்றாகப் பிரித்துக் கொடுத்தார்கள். எண் வரிசையில் அந்த வீட்டுக்கு முன்னால் மட்டும் எத்தனையோ வாசல் புதிதாக வந்துவிட்டது. அறுபத்தொன்று இப்போது நூற்றுக்கு மேலே போய்விட்டது.

டப்பாவோடு போனேன். சங்கரலிங்கம் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"வாரும்யா நம்பர்க்காரரே. மொதல்ல பின்னால போய்ப் பாத்துட்டு வாரும்."

முடுக்குக்குப் போனேன். பின்வாசல் இல்லை. கதவைப் பெயர்த்து எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். வெள்ளையும் அடித்திருந்தார்கள்.

திரும்பி வந்தேன்.

"இப்பப் போடும் பாப்போம்" என்றார் சங்கரலிங்கம்.

திறந்திருந்த முன்கதவைத் தட்டினேன்.

"அக்கா, எத்தனை அடுப்பு?"

"ஒண்ணு" என்றது உள்ளேயிருந்து வேலம்மாளின் குரல். "அதுலயும் அவரு ரசம் வைக்க வந்தா அணைச்சுருவேன்."

பிரஷை நனைத்தேன். அந்தக் கணக்கில் ஊர் முழுக்க வாசல் கூடியிருந்தது. எனக்குத் தெரிந்து குறைந்தது இது ஒன்றுதான். எண்ணை எழுதினேன். அடைப்புக்குறி போடவில்லை.